ஆறு தலைநகரங்களுக்குப் போன கடிதம்: ஜியாவுர் ரஹ்மானின் வாழ்வு

நோன்புப் பெருநாளுக்கு நான்கைந்து நாட்கள் இருந்தன. ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் சாலையை ஒட்டிய ஒரு துணிக்கடையில் பிள்ளைகளுக்குச் சட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். மகன் தேர்ந்தெடுத்த சட்டையின் காலருக்குள் மேட் இன் பங்களாதேஷ் என்று தைத்திருந்தது. பக்கத்தில் நின்றிருந்த வயதான அண்ணன் ஒருவர் அதைக் கையில் வாங்கித் தையலைத் திருப்பிப் பார்த்தார். முதலியார்பேட்டை ஏ.எஃப்.டி. மில்லில் வேலை பார்த்தவராம். ஊருக்கே சங்கு ஊதிய மில் 2020இல் மூடிவிட்டது, வெள்ளத்திலும் பஞ்சத்திலும் கிடந்த நாட்டிலிருந்து சட்டை வந்து இங்கே விற்கிறது, இது எப்படி நடந்தது என்று யாரிடமோ கேட்பதுபோல் கேட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் இல்லை. அதைத் தேடிப் போனால் வழியில் ஒரு மனிதரைச் சந்தித்தாக வேண்டும். வங்கதேசத்தின் அதிபராக இருந்து, 45 வயதில் சொந்த ராணுவத்தினரின் கையாலேயே கொல்லப்பட்ட ஜியாவுர் ரஹ்மான்தான் அவர். நம்மில் பலர் இவரையும் பாகிஸ்தானின் ஜெனரல் ஜியாவுல் ஹக்கையும் குழப்பிக்கொள்வதுண்டு. இருவரும் ஒரே காலத்தில் ஆண்டவர்கள், இருவரும் ராணுவத்திலிருந்து வந்தவர்கள். அதோடு ஒற்றுமை பெரும்பாலும் முடிகிறது.

ஜியாவுர் ரஹ்மான் 1936 ஜனவரி 19 அன்று வங்காளத்தின் போக்ரா மாவட்டத்தில் பாக்பாரி என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை கல்கத்தாவில் அரசுத் துறையில் வேதியியலாளர். பிள்ளைப் பருவத்தின் ஒரு பகுதி கல்கத்தாவில், ஹேர் பள்ளியில் கழிந்தது. 1947இல் நாடு பிரிந்தபோது தந்தை பாகிஸ்தான் பக்கம் போனார், குடும்பம் கராச்சிக்குக் குடிபெயர்ந்தது. வங்காளிப் பையன் ஒருவன் உருதுவும் சிந்தியும் பேசும் நகரத்தில் வளர்ந்தான். 1953இல் காகூல் ராணுவ அகாடமியில் சேர்ந்து 1955இல் அதிகாரியாக வெளியே வந்தார். 1965 போரில் கேம்கரன் முனையில் இந்தியாவுக்கு எதிராக ஒரு கம்பெனிக்குத் தலைமை தாங்கினார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் இந்தியாவையும் பாகிஸ்தானையும் ஒரே மேசையில் உட்கார வைக்க முயன்றவர், முதலில் ஒரு நாட்டோடும் பிறகு மற்றொரு நாட்டோடும் துப்பாக்கி தூக்கிச் சண்டை போட்டவர்.

1970இல் அவர் மாற்றலாகிச் சிட்டகாங் வந்தார். எட்டாவது கிழக்கு வங்காள ரெஜிமெண்டில் இரண்டாம் நிலை அதிகாரி. 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் மக்கள் மீது பாய்ந்த செய்தி வந்ததும் தன் படைப்பிரிவோடு கலகம் செய்தார். மார்ச் 27 அன்று சிட்டகாங்கை அடுத்த காலூர்காட் வானொலி நிலையத்தில் ஷேக் முஜிபுர் ரஹ்மானின் பெயரால் விடுதலை அறிவிப்பை வாசித்தார். மேஜர் ஜியா என்ற பெயரை நாடு முதன்முதலில் கேட்டது அன்றுதான். முதலில் அறிவித்தது யார் என்பதில் அந்த நாட்டின் இரண்டு பெரிய கட்சிகளும் ஐம்பது ஆண்டுகளாகச் சண்டை போடுகின்றன, பாடப்புத்தகங்கள் ஆட்சிக்கு ஆட்சி மாறியிருக்கின்றன. நமக்கு அந்த வழக்கு வேண்டாம். காலூர்காட் என்ற ஊர்ப் பெயரை மட்டும் மனத்தில் வையுங்கள், அது இன்னொரு முறை வரும்.

போரில் ஒரு பிரிகேடுக்குத் தலைமை தாங்கினார். விடுதலைக்குப் பின் பீர் உத்தம் விருதும் ராணுவத் துணைத் தளபதி பதவியும் கிடைத்தன. ஆனால் விடுதலை பெற்ற நாட்டின் நிலைமை எப்படி இருந்தது? போரில் பாலங்களும் ரயில் பாதைகளும் உடைந்து கிடந்தன. இந்தியாவுக்கு ஓடிவந்திருந்த சுமார் ஒரு கோடி அகதிகள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். 1974இல் வெள்ளமும் அதைத் தொடர்ந்து பெரும் பஞ்சமும் வந்தன. அடுத்த ஆண்டு, 1975இல், ஐக்கிய நாடுகள் சபை வங்கதேசத்தை உலகின் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் சேர்த்தது. வருமானம், கல்வி, தொழில் வளர்ச்சி எல்லாவற்றிலும் அடிமட்டத்தில் உள்ள நாடுகளுக்காக 1971இல் தொடங்கிய பட்டியல் அது. நேபாளம், பூட்டான், மாலத்தீவு மூன்றும் முதலிலேயே அதில் இருந்தன.

அதே 1975இல் ஆகஸ்ட் 15 அன்று ஷேக் முஜிப் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். சில நாட்களில் ஜியா ராணுவத் தளபதி ஆனார். நவம்பர் 3இல் மற்றொரு கவிழ்ப்பு, ஜியா வீட்டுக் காவலில். நவம்பர் 7இல் சிப்பாய்களின் எழுச்சி அவரை விடுவித்தது. அந்த எழுச்சியை முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர் கர்னல் அபு தாஹிர், போரில் ஒரு காலை இழந்தவர். ஓராண்டு முடிவதற்குள் ஜியாவின் ஆட்சியில் ராணுவ நீதிமன்றம் அந்தத் தாஹிருக்கே மரண தண்டனை விதித்தது. 1976 ஜூலையில் தூக்கிலிட்டார்கள்.

இந்தப் பக்கத்தை மறைத்துவிட்டு ஜியாவின் வாழ்வைச் சொல்வது நேர்மையாகாது. 1977 செப்டம்பர் கடைசியில் ஜப்பான் விமானம் ஒன்று கடத்தப்பட்டு டாக்காவில் இறங்கியது. அந்தப் பரபரப்புக்கு நடுவே விமானப்படையில் ஒரு கலகம் வெடித்தது. அதை அடக்கிய பின் அவசர விசாரணைகளில் நூற்றுக்கணக்கான படைவீரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். பலருடைய குடும்பங்களுக்கு ஜனாஸா கூடக் கிடைக்கவில்லை. முஜிபைக் கொன்றவர்களுக்கு வெளிநாட்டுத் தூதரகங்களில் வேலை கிடைத்தது, அவர்களை விசாரிக்கக் கூடாது என்ற அவசரச் சட்டத்துக்கு அரசியல் சட்டத் திருத்தத்தில் இடமும் கிடைத்தது. 1977 மே 30 அன்று அவர் நடத்திய பொதுவாக்கெடுப்பில் கிட்டத்தட்ட 99 விழுக்காடு ஆதரவு என்றார்கள். அப்படிப்பட்ட கணக்கை எந்த நாட்டில் யார் காட்டினாலும் நாம் நம்ப வேண்டியதில்லை.

இத்தனையும் உண்மை. 1977 ஏப்ரலில் அதிபரான அந்த மனிதர், பசித்த ஒரு நாட்டை எப்படி நிமிர்த்துவது என்று இரவு பகலாக யோசித்ததும் உண்மை. 19 அம்சத் திட்டம் ஒன்றை அறிவித்தார். உணவு உற்பத்தியும் மக்கள்தொகைக் கட்டுப்பாடும் எழுத்தறிவும் அதில் முன்னால் நின்றன. தூர்ந்துபோன கால்வாய்களை ஊர் மக்களைக் கொண்டே தோண்டச் சொன்னார். ஜெசூர் மாவட்டத்தின் உலாஷியில் நடந்த கால்வாய் வேலை நாடு முழுக்க முன்மாதிரியானது. மண்வெட்டியும் கையுமாக அதிபர் நிற்கும் படங்கள் இன்றும் அங்கே பல வீடுகளில் தொங்குகின்றன. கூலியில் பெரும்பங்கு கோதுமையாகக் கொடுக்கப்பட்டது, அதுவும் வெளிநாட்டு உதவியாக வந்த கோதுமை. எல்லாக் கால்வாயும் நிலைக்கவில்லை, சில அடுத்த மழையிலேயே மூடிக்கொண்டன. ஆனாலும் மழைக்காலத்தில் ஒரு போகம், கோடையில் பட்டினி என்று இருந்த பல கிராமங்கள் இரண்டாம் போகம் கண்டது அந்தக் காலத்தில்தான்.

வளைகுடா நாடுகளுக்கு ஆட்களை அனுப்பத் தொடங்கியதும் அவர் காலத்தில்தான். 1976இல் சுமார் 6,000 பேர் போனார்கள். அரபு நாடுகளோடு உறவைச் செப்பனிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். அரசியல் சட்டத்தின் முகப்பில் பிஸ்மில்லாஹ்வைச் சேர்த்ததும், மதச்சார்பின்மை என்ற சொல்லை எடுத்ததும் 1977இல் நடந்தன. அது ஈமானா அரசியலா என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். ஹஜ்ஜுக்குப் போய்வந்த நம்மூர் ஹாஜிகளுக்கு அரஃபாத் மைதானத்து வேப்பமரங்கள் நினைவிருக்கும். அவை ஜியா அனுப்பிய கன்றுகளிலிருந்து வந்தவை என்பது வங்கதேச ஹாஜிகளின் நம்பிக்கை. ஜியா மரம் என்றே அவர்கள் அதைச் சொல்வார்கள். 1981இல் ஈரான் இராக் போரை நிறுத்த இஸ்லாமிய மாநாட்டு அமைப்பு அனுப்பிய தலைவர்கள் குழுவிலும் அவர் இருந்தார். போர் நிற்கவில்லை என்பது வேறு.

இனி சட்டையின் கதைக்கு வருவோம்.

எழுபதுகளின் கடைசியில் தென்கொரியாவின் டேவூ நிறுவனத்துக்கு ஒரு சிக்கல். அமெரிக்காவும் ஐரோப்பாவும் கொரியத் துணிக்கு ஒதுக்கீட்டு வரம்பு போட்டிருந்தன. வரம்பு இல்லாத ஏதோ ஒரு ஏழை நாட்டில் தைத்து அனுப்பினால் தப்பிக்கலாம். டேவூவின் தலைவர் கிம் வூசூங் வங்கதேசத்தைத் தேடி வந்தார். ஜியாவின் அரசு அவருக்குக் கைகாட்டியது நூருல் காதிர் என்பவரை. விடுதலைப் போராட்டத்தில் பங்கெடுத்த முன்னாள் அரசு அதிகாரி, ஆடைத் தொழிலில் முன் அனுபவம் எதுவும் இல்லாதவர். 1978இல் ஒப்பந்தம். 1979இல் 130 பேரைப் பூசானில் உள்ள டேவூ ஆலைக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். 1980இல் தேஷ் கார்மெண்ட்ஸ் என்ற ஆலை ஓடத் தொடங்கியது. முதல் ஆண்டில் சுமார் 43,000 சட்டைகள். ஒரு சட்டைக்கு ஒன்றேகால் டாலர் சொச்சம்தான் கிடைத்தது.

அந்த ஆலை இருந்த இடம் எது தெரியுமா? சிட்டகாங்கின் காலூர்காட்.

அடுத்து நடந்தது யாரும் திட்டமிடாதது. பயிற்சி பெற்ற 130 பேரில் 115 பேர் சில ஆண்டுகளில் தேஷை விட்டு வெளியேறினார்கள். சிலர் சொந்தமாக ஆலை தொடங்கினார்கள், சிலர் புதிய ஆலைகளில் மேலாளர் ஆனார்கள். அரசு செய்தது இரண்டு காரியங்கள். ஏற்றுமதிக்கான துணியைச் சுங்கவரி இல்லாமல் இறக்கி, பூட்டிய கிடங்கில் வைத்துக்கொள்ள அனுமதித்தது. வெளிநாட்டு ஆர்டருக்கு வந்த வங்கிக் கடனுறுதிக் கடிதத்தையே பிணையாகக் காட்டித் துணி வாங்கும் வழியைத் திறந்தது. கையில் பணமில்லாத நாட்டில் பணமில்லாதவர்களும் ஏற்றுமதி செய்யலாம் என்றானது. கிராமத்துப் பெண்கள் லட்சக்கணக்கில் நகரத்துக்கு வந்து தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார்கள். மில்காரர் அண்ணனின் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது. மறு பாதியில் 2013இல் இடிந்து விழுந்து 1,100க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பலிகொண்ட ராணா பிளாசாவும் இருக்கிறது. மலிவான சட்டைக்கு யாரோ ஒருவர் விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

ஓர் ஆசிய நாடு இன்னோர் ஆசிய நாட்டின் 130 பேருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்ததில் இவ்வளவு நடந்தது என்றால், எல்லை தொட்டு இருக்கும் அண்டை நாடுகள் சேர்ந்தால் என்னவெல்லாம் நடக்கும்? ஜியா இந்தக் கேள்வியைத் தேஷ் ஆலைக்கு முன்பே கேட்கத் தொடங்கியிருந்தார். காரணம் தண்ணீர்.

1975இல் ஃபராக்கா அணை செயல்படத் தொடங்கியது. கோடையில் கங்கைத் தண்ணீர் குறைகிறது என்று வங்கதேசம் குற்றம் சாட்டியது. 1976 மே மாதம் முதுபெரும் தலைவர் மௌலானா பாஷானி ஆயிரக்கணக்கான மக்களோடு ஃபராக்காவை நோக்கி நடந்தார். அதே ஆண்டு வங்கதேசம் விவகாரத்தை ஐ.நா.வுக்கு எடுத்துப் போனது. 1977இல் இந்தியாவில் மொரார்ஜி தேசாய் பிரதமரான பிறகு, நவம்பரில் ஐந்தாண்டுத் தண்ணீர் ஒப்பந்தம் கையெழுத்தானது. டிசம்பரில் ஜியா டெல்லிக்கு வந்தார். காவிரிக்குக் காத்திருக்கும் காரைக்கால் விவசாயிகளைப் பற்றித் தெரிந்த நமக்கு, கடைமடைக்காரனின் கவலையை விளக்க வேண்டியதில்லை. மூன்று பக்கமும் ஒரே நாடு சூழ்ந்த, அதன் ஆறுகளின் கடைமடையில் இருக்கும் ஏழை நாடு தனியாகப் பேசினால் குரல் எடுபடாது. எல்லோரும் உட்காரும் ஒரு சபை இருந்தால் கொஞ்சமாவது எடுபடும். ஜியாவின் கணக்கு இதுதான் என்று நான் நினைக்கிறேன். பரோபகாரம் மட்டும் அல்ல, பிழைக்கும் வழியும்கூட.

இப்படிப்பட்ட யோசனை புதிதும் அல்ல. 1950 ஜனவரியில் கொழும்பில் கூடிய காமன்வெல்த் வெளியுறவு அமைச்சர்கள் மாநாட்டிலிருந்து கொழும்புத் திட்டம் பிறந்தது. நம் நீலகிரியின் குந்தா மின்திட்டத்துக்குக் கனடா உதவியது அந்தத் திட்டத்தின் கீழ்தான். ஆனால் அது பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்குக் கொடுப்பது. அண்டை நாடுகள் தமக்குள் கைகோப்பது என்ற எண்ணம் அதில் இல்லை. 1977 டிசம்பரில் காட்மாண்டுவில் அந்தத் திட்டத்தின் கூட்டம் நடந்தபோது நேபாள மன்னர் பிரேந்திரா, இமயத்து ஆறுகளின் தண்ணீரைச் சுற்றியுள்ள நாடுகள் சேர்ந்து பயன்படுத்துவது பற்றிப் பேசினார். ஜியாவுக்கு அது தன் மனத்தில் இருந்ததை வேறொருவர் சொன்னது போல இருந்திருக்கும்.

வெளியுலகில் வங்கதேசத்தின் மதிப்பும் கொஞ்சம் உயர்ந்திருந்தது. 1978இல் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் தற்காலிக இடத்துக்கு ஜப்பானை எதிர்த்து நின்று ஜெயித்தது. உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று, உலகின் பெரும் பணக்கார நாடுகளில் ஒன்றை வென்றது அன்று பெரிய செய்தி. 1980 ஆகஸ்டில் பொருளாதாரத்துக்கான ஐ.நா. சிறப்புக் கூட்டத்தில் ஜியா மிகவும் பின்தங்கிய நாடுகளின் சார்பில் வாதாடினார். தொழில் வளர்ந்த நாடுகள் மட்டுமல்ல, எண்ணெய் வளம் பெற்ற நாடுகளும் இவர்களுக்குக் கைகொடுக்க வேண்டும் என்று கேட்டார். எண்ணெய் விலை ஏறும்போது நியூயார்க்கைவிட நவகாளிக்குத்தான் அதிகம் வலிக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அதற்கு மூன்று மாதங்களுக்கு முன், 1980 மே 2 அன்று, ஆறு தலைநகரங்களுக்கு அவர் கடிதம் எழுதியிருந்தார். டெல்லி, இஸ்லாமாபாத், கொழும்பு, காட்மாண்டு, திம்பு, மாலே. ஏழு நாடுகளின் தலைவர்களும் ஒருமுறை கூடி, பிராந்திய ஒத்துழைப்புக்கு ஓர் அமைப்பு உண்டாக்க முடியுமா என்று பேசலாம் என்பது அதன் சாரம். ஏழில் நான்கு நாடுகள் ஐ.நா.வின் மிக ஏழை நாடுகள் பட்டியலில் இருந்தவை.

நேபாளமும் இலங்கையும் பூட்டானும் மாலத்தீவும் உடனே ஆர்வம் காட்டின. பெரிய இரண்டு நாடுகளுக்கும் சந்தேகம். சின்ன நாடுகள் எல்லாம் ஒன்று சேர்ந்து தன்னை நெருக்குவதற்கான ஏற்பாடோ என்று இந்தியா யோசித்தது, அப்போது இந்திரா காந்தி மீண்டும் பிரதமராகியிருந்தார். மற்ற நாடுகளையெல்லாம் தன் சந்தையாக மாற்ற இந்தியாவுக்கு இது வழிவிடுமோ என்று பாகிஸ்தான் யோசித்தது. ஒரே கடிதத்தை இருவரும் நேர்மாறான காரணங்களுக்காக அஞ்சினார்கள். கூட்டுக் குடும்பத்தில் சொத்துப் பேச்சு எடுத்தவரின் நிலைமைதான் ஜியாவுக்கு.

அவர் பின்வாங்கவில்லை, இறங்கிவந்தார். தலைவர்கள் உடனே கூட வேண்டாம், அதிகாரிகள் முதலில் பேசட்டும் என்றார். 1980 கடைசியில் டாக்கா தயாரித்த அறிக்கையில் பாதுகாப்பு பற்றிப் பேச்சில்லை. விவசாயம், ஊரக வளர்ச்சி, தொலைத்தொடர்பு, வானிலை, சுகாதாரம் போன்ற சண்டைக்கு இடமில்லாத விஷயங்களே முன்னால் வந்தன. 1981 ஏப்ரல் 21 முதல் 23 வரை கொழும்பில் ஏழு நாடுகளின் வெளியுறவுச் செயலாளர்கள் முதன்முறையாக ஒன்றாக உட்கார்ந்தார்கள். அப்போது இலங்கையின் வெளியுறவு அமைச்சர் தமிழ் பேசும் முஸ்லிமான ஏ.சி.எஸ். ஹமீது என்பது நம் வாசகர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. எந்த முடிவும் ஒருமனதாகத்தான் எடுக்க வேண்டும், இரு நாடுகளுக்கு இடையிலான தகராறுகளை இங்கே பேசக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகள் அங்கே ஏற்கப்பட்டன. அந்த நிபந்தனைகள் இல்லாவிட்டால் டெல்லி வந்திருக்காது. அந்த நிபந்தனைகளால்தான் பின்னாளில் அமைப்பு முடங்கியது என்பதும் உண்மை. ஃபராக்காவுக்காகச் சபை தேடியவருக்கு, ஃபராக்காவைப் பேசவே முடியாத ஒரு சபைதான் கிடைத்தது.

கொழும்புக் கூட்டம் முடிந்து சில வாரங்களில் வங்காள விரிகுடாவில் ஒரு சின்ன மணல் தீவுக்காக இந்தியாவும் வங்கதேசமும் முறைத்துக்கொண்டு நின்றன. அவர்கள் அதைத் தெற்கு தல்பட்டி என்றார்கள், நாம் நியூ மூர் என்றோம். மே மாதம் இந்தியக் கப்பல் அங்கே போனது, டாக்காவில் கொந்தளிப்பு. அந்தத் தீவு பிற்காலத்தில் கடலுக்குள் மூழ்கிப் போய்விட்டது. சண்டை போட்டவர்களுக்கு மிஞ்சியது வரைபடம்தான்.

1981 மே 29 வெள்ளிக்கிழமை ஜியா சிட்டகாங் போனார். சொந்தக் கட்சியின் உள்ளூர் கோஷ்டிப் பூசலைத் தீர்த்துவைக்கும் பயணம், வேறு பெரிய காரியம் எதுவும் இல்லை. இரவு அரசு விருந்தினர் மாளிகையான சர்க்யூட் ஹவுஸில் தங்கினார். விடியலுக்கு முன், மழைக்கு நடுவே, ராணுவ அதிகாரிகள் சிலர் உள்ளே புகுந்து சுட்டார்கள். அறைக் கதவைத் திறந்து வெளியே வந்த அதிபர் அங்கேயே விழுந்தார். மே 30, நான்காண்டுகளுக்கு முன் அந்தப் பொதுவாக்கெடுப்பு நடந்த அதே தேதி. கொன்றவர்கள் உடலை ரங்குனியா மலைப்பக்கம் கொண்டுபோய் அவசரமாகப் புதைத்தார்கள். கலகம் இரண்டு நாளில் அடங்கியது. உடலைத் தோண்டி எடுத்து டாக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். ஜூன் 2 அன்று நடந்த ஜனாஸா தொழுகைக்கு அந்த நகரம் அதுவரை பார்த்திராத கூட்டம் திரண்டது. அவர் விட்டுப்போனது உடைந்த பெட்டியும் கிழிந்த பனியனும்தான் என்று ஆதரவாளர்கள் சொல்வார்கள். அது கதை என்று எதிர்க்கட்சியினர் சிரிப்பார்கள். தனிப்பட்ட முறையில் பணத்தாசை இல்லாதவர் என்பதை மட்டும் எதிரிகளில் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

பின்னர் நடந்ததும் அவர் காலத்தைப் போலவே இருந்தது. கலகத்துக்குத் தலைமை தாங்கியதாகச் சொல்லப்பட்ட மேஜர் ஜெனரல் மன்சூர் காவலில் வைத்தே கொல்லப்பட்டார். ராணுவ நீதிமன்றத்தின் மூடிய விசாரணைக்குப் பின் 13 அதிகாரிகள் தூக்கிலிடப்பட்டார்கள். தாஹிருக்கு நடந்த விசாரணை மாதிரியே.

மூன்று மாதம் கழித்து, 1981 செப்டம்பரில், மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கான முதல் ஐ.நா. மாநாடு பாரிஸில் கூடியது. பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.15 விழுக்காட்டை இந்த நாடுகளுக்கென ஒதுக்க வேண்டும் என்ற இலக்கு அங்கே எழுதப்பட்டது. பெரும்பாலான நாடுகள் இன்றுவரை அதை எட்டவில்லை.

ஜியாவின் கடிதம் மட்டும் அவரோடு சாகவில்லை. காட்மாண்டு, இஸ்லாமாபாத், டாக்கா என்று செயலாளர்கள் கூடிக்கொண்டே இருந்தார்கள். 1983 ஆகஸ்டில் டெல்லியில் வெளியுறவு அமைச்சர்கள் கூடிப் பிரகடனம் வெளியிட்டார்கள். 1985 டிசம்பர் 7, 8 தேதிகளில் டாக்காவில் சார்க் உதயமானது. ராஜீவ் காந்தி, ஜியாவுல் ஹக், ஜெயவர்த்தனா, பிரேந்திரா, பூட்டான் மன்னர், மாலத்தீவின் கையூம் எல்லோரும் வந்திருந்தார்கள். விருந்தோம்பியவர் 1982இல் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் எர்ஷாத். அழைத்தவர் கபரில் இருந்தார். 1987இல் காட்மாண்டுவில் தலைமைச் செயலகம் திறந்தது, முதல் பொதுச் செயலாளர் வங்கதேசத்தின் அபுல் அஹ்சன்.

சார்க் என்ன சாதித்தது என்று கேட்டால் வாயில் வருவது குறைதான். 2,00,000 டன் தானியத்தோடு ஓர் அவசர உணவுக் கையிருப்பு 1987இல் ஒப்புக்கொள்ளப்பட்டது. விதிகள் அவ்வளவு இறுக்கம், நெருக்கடி வந்த நேரத்தில் அது யாருக்கும் பயன்படவில்லை. இந்த நாடுகளின் மொத்த வணிகத்தில் தமக்குள் நடப்பது சுமார் 5 விழுக்காடு மட்டுமே. ஆனால் சட்டைக் கதையில் சார்க்குக்கு ஒரு பங்கு உண்டு. 2004இல் இஸ்லாமாபாத்தில் கையெழுத்தாகி 2006இல் நடைமுறைக்கு வந்த தடையற்ற வணிக ஒப்பந்தத்தில், மிகவும் பின்தங்கிய உறுப்பு நாடுகளுக்கு மற்றவர்கள் முதலில் வரியைக் குறைக்க வேண்டும் என்று தனி ஏற்பாடு இருந்தது. அதன்படி 2011இல் இந்தியா, மதுவும் புகையிலையும் போன்ற 25 பொருட்களைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அந்த நாடுகளிலிருந்து வரி இல்லாமல் கதவைத் திறந்தது. ஆயத்த ஆடையும் அதில் அடக்கம். திருப்பூர்க்காரர்கள் அன்றிலிருந்து முறையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஏழை நாட்டுக்குக் கதவைத் திறக்கும்போது, அந்தக் காற்று முதலில் அடிப்பது நம் வீட்டு ஏழைத் தொழிலாளி மேல்தான். அவனுக்கு நம் அரசுகள் என்ன மாற்று வைத்தன என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி. டாக்காவின் தையல்காரப் பெண்ணிடம் கேட்க அதில் எதுவும் இல்லை. (ஏ.எஃப்.டி. மூடியதற்கு வங்கதேசம் காரணம் என்று நான் சொல்லவில்லை. அது நெடுங்கதை, பல ஆண்டு நட்டம், பல அரசுகள்.)

மாலத்தீவு 2011இலும் பூட்டான் 2023இலும் ஏழை நாடுகள் பட்டியலை விட்டு வெளியேறின. வங்கதேசம் வெளியேற 2026 நவம்பர் 24 என்று ஐ.நா. பொதுச்சபை தேதி குறித்தது. வெளியேறினால் மரியாதை உண்டு, ஆனால் வரிச் சலுகைகள் படிப்படியாகப் போய்விடும் என்ற பயமும் டாக்கா ஏற்றுமதியாளர்களிடம் இருக்கிறது. சார்க் தலைவர்கள் கடைசியாகக் கூடியது 2014 நவம்பரில், காட்மாண்டுவில். 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டிய மாநாடு உரி தாக்குதலுக்குப் பின் நின்றுபோனது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக ஒருமுறை காணொளியில் பேசினார்கள். டெல்லியில் 2010இல் தொடங்கிய தெற்காசியப் பல்கலைக்கழகம் நடக்கிறது. காட்மாண்டு அலுவலகத்தில் விளக்கு எரிகிறது.

சிட்டகாங் சர்க்யூட் ஹவுஸ் பின்னர் ஜியாவின் நினைவு அருங்காட்சியகம் ஆனது. மகன் எடுத்த அந்தச் சட்டையைப் பெருநாள் காலையில் போட்டுக்கொண்டு ஈத்காவுக்கு வந்தான். தோள்பட்டை கொஞ்சம் பெரிது, அடுத்த வருஷத்துக்கும் ஆகும்.